பஞ்சர் கடையில் டெஸ்ட் போட்ட உறைகள்

அன்றைக்கு மதியம் முனிராஜண்ணனின் பஞ்சர் கடையில் மூன்று பேர் இருந்தோம். கழற்றிய டயரின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த முனிராஜண்ணன், ட்யூப் ஒட்டக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த லாரி டிரைவர் சக்திவேல், அங்கே வைத்திருந்த இலவசப் பெட்டியில் ஆணுறைப் பாக்கெட் நிரப்பப் போன நான். இரண்டு பேர் அங்கே இல்லை. என் மேலாளர் ஞானசேகரன் சார் கிருஷ்ணகிரியில் மீட்டிங்கில் இருந்தார். சக்திவேலின் மனைவி கௌரி, சிங்காரப்பேட்டைப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், மறுநாள் கணவன் வந்துவிடுவான் என்று காத்துக்கொண்டிருந்தார்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று சக்திவேலையும் கௌரியையும் கேட்டேன். “ஊர் பேரை மட்டும் போட்டுடாத” என்றார்கள்.

எழுதச் சொன்னவர்கள், ஓசூரில் இப்போது அந்த வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருப்பவர்கள். லாரி டிரைவர்களிடமும் வெளியூர்த் தொழிலாளர்களிடமும் எச்.ஐ.வி. பற்றிப் பேசி, ஆணுறை கொடுத்து, பரிசோதனைக்கு அழைத்துப் போகிற வேலை. புராஜெக்ட் போன வருடம் வேறொரு தொண்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. பழைய ஆட்களை எடுத்துக்கொள்ளவில்லை. நான் இப்போது ஒரு கம்பெனியில் பாகங்களுக்குத் தரம் பார்க்கிறேன். அனுபவம் எழுதுகிற வயது எனக்கு இல்லை. ஆனாலும் அந்த வேலையிலிருந்து எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள், அது உண்மைதான். புதியவர்கள் மறுபடியும் கடைகளில் பெட்டி வைக்கப் போகிறார்களாம். “எந்த மாதிரி கடையில வைக்கலாம்ணா?” என்று போனில் கேட்டார்கள். போனில் சொல்லி முடிகிற பதிலாக இல்லை.

எங்கள் வீடு நாட்றாம்பாளையத்துக்கு மேலே, காட்டோரம். ராகியும் கொள்ளும் விதைக்கிற நிலம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான்தான். கல்லூரி முடித்து இந்த வேலையில் சேர்ந்தபோது அம்மாவிடம் “ஆஸ்பத்திரி சம்பந்தமான வேலை” என்று சொன்னேன். அது பொய்யும் இல்லை. ஒரு பெண் வீட்டார் மட்டும் கர்நாடகா பார்டரில் டீக்கடைக்காரரிடம் விசாரித்துவிட்டார்கள். “அவனா? ராத்திரிக்கு உறை குடுக்கற பையன்” என்று அவர் சொல்ல, அந்தச் சம்பந்தம் அங்கேயே நின்றது. பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் நாள் உறை மாட்டிக் காட்ட மரத்தில் கடைந்த மாதிரியைக் கையில் கொடுத்தபோது உள்ளங்கை வேர்த்தது. ஒரு வாரத்தில் அதைப் பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறப் பழகிவிட்டேன்.

ஞானசேகரன் சார் அதற்கு முன் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்தவர். முழுக்கைச் சட்டை, பொத்தான் போட்டு. அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. யாரிடம் பேசினாலும் எதிரில் உட்காரமாட்டார், பக்கத்தில் உட்காருவார். “எதிர்ல உட்கார்ந்தா போலீஸ் மாதிரி இருக்கும். பக்கத்துல உட்கார்ந்து ரெண்டு பேரும் ஒரே பக்கமா ரோட்டைப் பாருங்க. ஆம்பளைங்க ரோட்டைப் பார்த்துக்கிட்டுதான் உண்மை பேசுவாங்க” என்பார். போனில் “ம்” என்று மட்டும் சொல்வார். அந்த ‘ம்’ நீளமாக இருந்தால் அவர் நம்பவில்லை என்று அர்த்தம்.

பாக்கெட் விஷயத்தில் அவர் ஸ்டோர்ஸ்காரராகவே இருந்தார். முதலில் காலாவதித் தேதி. பிறகு பாக்கெட்டை இரண்டு விரலால் அமுக்கி, உள்ளே காற்று மெத்து மெத்தென்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்று இல்லையென்றால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது, தூக்கிப் போடு. உள்ளே இருப்பதை ஒரு ஓரத்துக்கு நகர்த்திவிட்டு மறு ஓரத்தைக் கிழிக்க வேண்டும், பல்லால் கூடாது. நுனியைக் கிள்ளிப் பிடித்துக் காற்றை வெளியேற்றி, அடிவரை உருட்ட வேண்டும். எண்ணெய், வேசலின், கிரீஸ் எதுவும் படக் கூடாது, ரப்பர் இளகிவிடும். வெயில் ஆகாது, பேன்ட் பின்பாக்கெட் ஆகாது. இவ்வளவையும் நான் தமிழிலும் அரைகுறைக் கன்னடத்திலும் எத்தனையோ பேருக்குச் செய்து காட்டியிருக்கிறேன்.

செய்முறை யாருக்கும் கஷ்டமாக இருந்ததில்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. மருந்துக் கடையில் கேட்கக் கூச்சம், அங்கே பெண் பிள்ளை நின்றால் இருமல் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். குடித்திருந்தால் ஞாபகம் இருக்காது. பையில் இருந்தால் வீட்டில் துணி துவைக்கும்போது மாட்டிக்கொள்வோம் என்ற பயம். “தெரிஞ்ச பொண்ணு சார், பார்த்தா நல்லா இருக்குது” என்ற நம்பிக்கை. எல்லாவற்றையும் பேசித் தாண்டி வந்தால் கடைசியில் ஒன்று நிற்கும்: சும்மா கொடுக்கிற பொருள் நன்றாகவா இருக்கும்? “கவர்மெண்டு சைக்கிள் மாதிரி சார். ஏறி மிதிச்சா செயின் கழண்டுக்கும்” என்று சொல்லிச் சிரிப்பார்கள். சோதித்துத்தான் வருகிறது என்று நான் சொன்னால், “யாரு டெஸ்ட் பண்ணாங்க, நீ பார்த்தியா?” என்பார்கள். நான் பார்த்ததில்லைதான்.

அதனால்தான் முனிராஜண்ணன் கடையில் பெட்டி வைத்தோம். பார்டரில் லாரிகள் நிற்கிற இடம். அவர் தெலுங்கு பேசுகிற வீட்டுக்காரர், கன்னடமும் தமிழும் தண்ணீர் மாதிரி வரும். மூன்று மொழி டிரைவர்களும் அவர் பேச்சை நம்பினார்கள். “இந்த டயர் பெங்களூரு தாண்டாது” என்று அவர் சொன்னால் தாண்டாது. பெட்டி வைத்த கொஞ்ச நாளிலேயே மற்ற எந்தக் கடையையும் விட அங்கே பாக்கெட் வேகமாகக் காலியானது. நான் பையைத் தூக்கிக்கொண்டு போகப் போக, ஆபீஸில் எல்லோருக்கும் சந்தோஷம். ஞானசேகரன் சார் மட்டும் “ஏன் அங்க மட்டும்?” என்று கேட்டார். “அண்ணன் நல்லாப் பேசுவார் சார்” என்றேன். “ம்” என்றார், நீளமாக.

அந்த மதியம் சக்திவேல் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். “அண்ணா, ரெண்டு குடு. டெஸ்ட் போட்டதா பார்த்துக் குடு.”

முனிராஜண்ணன் என் பெட்டியைத் திறக்கவில்லை. கம்ப்ரஸருக்கு மேல் பலகையில் இருந்த பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்தார். உள்ளே செய்தித்தாளில் சின்னச் சின்னப் பொட்டலங்கள். ஒன்றைப் பிரித்துச் சரிபார்த்தார். சுருட்டிய ஆணுறை, மேலே வெள்ளைப் பவுடர்.

“என்னண்ணா அது?” என்றேன்.

“உங்க சரக்குதான் தம்பி. டெஸ்ட் போட்டு வச்சிருக்கேன்.”

“டெஸ்ட்னா?”

“டெஸ்ட்னா என்ன, காத்து ஏத்தி தண்ணியில முக்கறதுதான். குமிழி வந்தா ஓட்டை. வரலன்னா ஓகே. தொடச்சி, ட்யூபுக்குப் போடற பவுடரைத் தூவி, சுருட்டி வச்சிட வேண்டியதுதான். பசங்க நம்ப மாட்டேங்கறானுங்க இல்ல? இப்ப கேட்டு வாங்கிட்டுப் போறானுங்க பாரு.”

செய்தும் காட்டினார். என் பெட்டியிலிருந்து ஒரு பாக்கெட்டைக் கிழித்து, கிரீஸ் படிந்த விரலால் வாயை விரித்து, கைப்பம்பின் குழாயைச் சொருகி, குழந்தைக்குப் பால் புகட்டுகிற பக்குவத்தில் காற்று விட்டார். சுரைக்காய் அளவுக்கு வந்ததும் முறுக்கிப் பிடித்து, பஞ்சர் பார்க்கிற தொட்டியில் முக்கித் திருப்பினார். குமிழி வரவில்லை. காற்றை இறக்கி, ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியில் மாட்டிச் சுருட்டினார். வேலை அவ்வளவு சுத்தம்.

“அண்ணன் கை வச்சா அப்பீலே இல்ல சார்” என்றான் சக்திவேல். “ரெண்டு மாசமா நாங்கல்லாம் இதான்.”

“அண்ணா, இது ட்யூப் இல்லண்ணா.”

“ரப்பர்தானே?”

“ஒரு தடவை விரிச்சா போச்சுண்ணா. மறுபடி சுருட்டினா தாங்காது. உங்க கையில கிரீஸ் வேற இருக்குது. நீங்க தண்ணியில முக்கும்போது ஓட்டை இருக்காது. அவங்க போடும்போது கிழியும்.”

முனிராஜண்ணன் சிரித்தார். சக்திவேல் சிரிக்கவில்லை. பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். “கிழிஞ்சா என்னா சார் ஆவும்?”

“கிழிஞ்சுதா?”

அவன் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான். “முந்தாநாள் சாயங்காலம். தும்கூர் தாண்டி. நான் என் அவசரத்துல கிழிஞ்சுதுன்னு நெனச்சிட்டேன். அந்தப் பொண்ணும் பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு.” பொட்டலத்தைத் திரும்ப டப்பாவில் போட்டுவிட்டு, “நாளைக்கி நான் ஊருக்குப் போகணும் சார். போயே ஆகணும்” என்றான்.

ஏன் போயே ஆகணும் என்பதை அப்போதே சொல்லிவிட்டான். கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் கௌரிக்கு ஊசி போட்டு, ஸ்கேன் பார்த்து, நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். அந்த வாரம் கணவன் மனைவி சேர்ந்திருக்க வேண்டும். அந்த வாரத்துக்காகத்தான் அவன் லோடு மாற்றிக்கொண்டு ஊர்ப் பக்கம் வந்துகொண்டிருந்தான்.

ஞானசேகரன் சாருக்குப் போன் செய்தேன். எனக்குக் கோர்வையாகச் சொல்ல வரவில்லை. அவர் இடையில் பேசாமல் கேட்டார். பிறகு, “தொற்று ஒட்டாம தடுக்கற மாத்திரை இருக்குது, மூணு நாளைக்குள்ள ஆரம்பிச்சாத்தான் பிரயோஜனம். இப்பவே ரெண்டு நாள் ஆகப்போவுது. பஞ்சர், டயர் எல்லாம் அப்புறம். ஆளை வண்டியில ஏத்து. நான் நேரா ஆஸ்பத்திரிக்கு வர்றேன்” என்று வைத்துவிட்டார்.

ஓசூருக்குள் அந்த நேரத்து நெரிசலில் பைக் ஓட்டியவர்களுக்குத் தெரியும். பின்னால் உட்கார்ந்திருந்த சக்திவேல் வழியெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டான். “மாத்திரை போட்டா ஊருக்குப் போலாமா சார்?” சிக்னலில் நின்றபோதும் கேட்டான். “டாக்டர் சொல்லட்டும்” என்றேன், எனக்குப் பதில் தெரிந்திருந்தும்.

மருத்துவர் முதலில் ரத்தம் எடுத்தார். அன்றைய நிலையில் தொற்று இல்லை. முந்தாநாள் தொற்றியிருந்தால் அது ரத்தத்தில் இவ்வளவு சீக்கிரம் தெரியாது என்பதையும் அவரே சொன்னார். இருபத்தெட்டு நாள் மாத்திரை, ஒரு நாளும் விடக் கூடாது. மூன்று மாதம் கழித்து வருகிற பரிசோதனைதான் முடிவு. அதுவரை மனைவியோடு சேர்ந்தால் ஆணுறை கட்டாயம்.

சக்திவேல் அழுதுவிடுவான் என்று நினைத்தேன். சிரித்தான். “குழந்தை வேணும்னு நாள் குறிச்சிக் குடுத்திருக்காங்க. நான் உறை போட்டுக்கினு போய் நின்னா அவ என்னா நெனப்பா டாக்டர்?”

வெளியே மரத்தடி பெஞ்சில் ஞானசேகரன் சார் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “வீட்ல சொல்றது நல்லது. சொல்லும்போது நாங்க கூட இருக்கணும்னா வர்றோம். நீ சொல்லாத வரைக்கும் நாங்க யாரும் சொல்ல மாட்டோம். சொல்லவும் கூடாது” என்றார்.

“சொன்னா கிணத்துல உழுந்துடுவா சார்.”

“அப்படியா சொன்னாங்க?”

“சொல்லல. எனக்குத் தெரியும்.”

சார் மேலே வற்புறுத்தவில்லை. எனக்கு அப்போது அவர் மேல் கோபம். இப்போதும் வற்புறுத்தியிருக்கலாம் என்றுதான் சில நாள் தோன்றுகிறது.

மறுநாள் காலை நானும் சாரும் முனிராஜண்ணன் கடைக்குப் போனோம். சார் தொட்டி ஓரம் அவர் பக்கத்தில் குந்தினார். “ஒரு தடவை ஓட்டி இறக்கின ட்யூபைப் புதுசுன்னு விப்பீங்களா?” என்று கேட்டார்.

“விக்க மாட்டேன்” என்றார் முனிராஜண்ணன். “ஆனா இது நான் விக்கலியே சார். சும்மாதானே குடுத்தேன்.” பிறகு அவருக்கே குரல் இறங்கியது. “அந்தப் பையனுக்கு எதாச்சும் ஆயிட்டா என்னா பண்றது?”

எங்களுக்கு இன்னொரு பயமும் இருந்தது. இரண்டு மாதமாக எத்தனை டிரைவர்கள் வாங்கிப் போனார்களோ, எந்த மாநிலத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார்களோ. எச்சரிக்காமல் இருக்க முடியாது. எச்சரித்தால் ‘அந்தப் பாக்கெட் கிழியுதாம்’ என்ற பாதி வார்த்தைதான் பார்டர் தாண்டும், மிச்சம் இருக்கிறவர்களும் போடுவதை விட்டுவிடுவார்கள். சார் இதை முனிராஜண்ணனிடமே சொன்னார். முனிராஜண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, டிரைவர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் தானே பேசி அனுப்பினார். முதலில் தமிழில், அப்புறம் கன்னடத்தில், தெலுங்கில்.

“முனிராஜ் பேசறேன். நான் டெஸ்ட் போட்டுக் குடுத்தது யார்கிட்ட இருந்தாலும் தூக்கிப் போடுங்க. பாக்கெட்டு மேல தப்பு இல்ல. நான் பிரிச்சதுதான் தப்பு. பிரிக்காததை வாங்கிட்டுப் போங்க. ஏற்கனவே கிழிஞ்சிருந்தா கூச்சப்படாம ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கங்க. என்னைத் திட்டறவன் கடைக்கு வந்து திட்டு.”

சிலர் வந்தார்கள், திட்டினார்கள், பரிசோதனைக்கும் வந்தார்கள். சிலர் கிண்டல் மட்டும் செய்து அனுப்பினார்கள். சிலர் கேட்டார்களா என்றே தெரியாது. பெட்டி முன்னைவிட மெதுவாகத்தான் காலியானது. ஆனால் காலியானது.

சக்திவேல் ஊருக்குப் போய் மஞ்சள் காமாலை என்று சொல்லிவிட்டான். மாத்திரை அவனுக்கு முதல் வாரம் குமட்டலைக் கொடுத்தது, சோறு இறங்கவில்லை. பொய்க்கு அது தோதாகிவிட்டது. காமாலை என்றால் எங்கள் பக்கம் தெரியுமே: உப்பில்லாத கஞ்சி, எண்ணெய் கூடாது, பெண்டாட்டி பக்கத்தில் படுக்கக் கூடாது. கௌரி பத்தியம் வைத்தார். அவன் உப்பில்லாமல் தின்றுவிட்டு, மூன்றாம் நாளே லோடு இருக்கிறது என்று ஓடிவந்துவிட்டான். தினமும் எனக்குப் போன் வரும். “மாத்திரை போட்டுட்டேன் சார்.” அதற்கு மேல் பேச்சு இருக்காது. நானும் தினமும் அந்தப் போன் வரும்வரை வேறு வேலையில் மனதைச் செலுத்த முடியாமல் இருந்தேன்.

மாத்திரை முடிகிற சமயத்தில் ஒரு நாள் காலை, கௌரி பஞ்சர் கடைக்கே வந்துவிட்டார். சக்திவேல் அவசரத்துக்கு என்று கொடுத்திருந்த விலாசம் அது ஒன்றுதான். கையில் தூக்குவாளி, யாரோ வைத்தியர் அரைத்துக் கொடுத்த காமாலை மருந்து. நான் அங்கே பெட்டி நிரப்பிக்கொண்டிருந்தேன். முனிராஜண்ணன் ஸ்பானரோடு லாரிக்கு அடியில் நுழைந்தவர் வெளியே வரவேயில்லை.

“நீங்கதான் அந்த ஆஸ்பத்திரி தம்பியா? உங்களுக்குத்தான் தினம் போன் பண்றாரு.”

“ஆமாங்கக்கா.”

“காமாலைன்னா கண்ணு மஞ்சளாவணும் இல்ல? இவரு கண்ணு வெள்ளை வெளேர்னு இருக்குது. ஒண்ணுக்கும் மஞ்சளா போகலியாம், நான் கேட்டுட்டேன். மாத்திரை டப்பாவில பேரைக் கிழிச்சி வச்சிருக்காரு. காமாலைக்கு எதுக்குப் பேரைக் கிழிக்கணும்?”

நான் பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஆஸ்பத்திரியில குறிச்ச நாள் போச்சு தம்பி. அது போவட்டும். பெரிய நோவா? சாவற நோவா? அதை மட்டும் சொல்லு.”

சொல்லக் கூடாது. பொய்யும் என்னால் முடியவில்லை. அவர் என்னை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. “அவர்கிட்டயே கேளுங்கக்கா. சாயங்காலம் லாரி வந்துடும். இன்னைக்கே கேளுங்க” என்றேன். அவர் என் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். அதன் மேல் ‘ஆணுறை இலவசம், எச்.ஐ.வி.யைத் தடுப்போம்’ என்று எழுதியிருந்ததைப் படித்தார். எட்டாவது வரை படித்தவர். பிறகு எதுவும் கேட்காமல் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

லாரி வந்ததும் இரண்டு பேரும் கேபினில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சத்தம் எதுவும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. முனிராஜண்ணன் ஒரே நட்டை இறுக்கிக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்து கௌரி மட்டும் இறங்கி வந்தார். முகம் கழுவத் தண்ணீர் கேட்டார். கழுவிவிட்டு என்னிடம், “கடைசி டெஸ்ட் என்னைக்கு?” என்றார். சொன்னேன். “நானும் வருவேன்.” முனிராஜண்ணன் பக்கம் திரும்பி, “நீங்கதான் டெஸ்ட் போட்டவரா?” என்று கேட்டார். அவர் தலையை ஆட்டினார். கௌரி அதற்கு மேல் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு இன்றுவரை பேசியதில்லை.

கௌரி கிணற்றில் விழவில்லை. தாய்வீட்டுக்குப் போனார். அங்கிருந்து கடைசி டெஸ்ட் நாளில் வந்துசேர்ந்தார். பரிசோதனை மையத்தில் பெஞ்சின் அந்தக் கோடியில் அவர், இந்தக் கோடியில் சக்திவேல், நடுவில் ஞானசேகரன் சார். மூன்று பேரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சக்திவேலின் கால் ஆடிக்கொண்டே இருந்தது. உள்ளே கூப்பிட்டபோது எழுந்தவன் மனைவியைப் பார்த்தான். அவரும் எழுந்து கூடப் போனார்.

தொற்று இல்லை.

வெளியே வந்து சக்திவேல் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதான். சாரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கௌரி அழவில்லை. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவனிடம் நீட்டினார், குடிக்கும்வரை நின்றார். பஸ் ஸ்டாண்ட் வரை நானும் அவர்களோடு நடந்தேன். “மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போலாம் கௌரி. விட்ட எடத்திலருந்து ஆரம்பிக்கலாம்” என்றான் சக்திவேல்.

“விட்ட எடத்திலருந்து ஆரம்பிக்க முடியாது. மொதல்லருந்துதான். நான் கேட்டுட்டேன்” என்றார் அவர். பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டே, கோபமில்லாத குரலில் வீணாய்ப்போனதை எண்ணினார். அந்த மாதத்து ஊசி, மூன்று ஸ்கேன், டாக்டர் ஃபீஸ், அதற்காக அடகு வைத்த கம்மலுக்கு இதுவரை கட்டிய வட்டி. மொத்தம் நாற்பத்தோராயிரத்து அறுநூறு ரூபாய்.